வெடித்த குடல்வாலுக்கு எந்த ஆண்டிபயாடிக், எத்தனை நாள்?

கேட்கப்பட்ட கேள்வி இது. அறுவை சிகிச்சைப் பிரிவில் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார். நோயாளிக்கு வயது 42. வீட்டிலிருந்து நேராக வந்தவர், வேறு நோய் எதுவும் இல்லை. குடல்வால் வெடித்துக் கீழ்வயிற்றில் சீழ் பரவியிருந்தது. அறுவை செய்து குடல்வாலை எடுத்து, சீழை உறிஞ்சி, வயிற்றைச் சுத்தம் செய்தாயிற்று. இன்று மூன்றாம் நாள். பிப்பராசிலின்-டாசோபாக்டமும் மெட்ரோனிடசோலும் ஓடுகின்றன. காய்ச்சல் இறங்கிவிட்டது, வாயு பிரிந்துவிட்டது, ஆனால் ரத்த வெள்ளணுக்கள் இன்னும் இயல்புக்குச் சற்று மேலே, 12,000. ஒரு மூத்தவர் இன்னும் பலமான மெரோபெனத்துக்கு மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் மெட்ரோனிடசோலை நிறுத்தச் சொல்கிறார். யார் சொல்வது சரி, எந்த அடிப்படையில் மருந்தைத் தேர்ந்தெடுப்பது, எத்தனை நாள் கொடுப்பது?

இரண்டாமவர் சொல்வதுதான் சரி. முதலாமவர் 12,000 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறார். அந்தப் பயம் எனக்கும் பழக்கமானதுதான். பல ஆண்டுகள் அதற்குக் கட்டுப்பட்டு நானும் மருந்துச்சீட்டு எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஓட்டையை அடைக்காமல், சீழை வெளியேற்றாமல், எந்த மருந்தும் இந்த நோயை முடித்துவைக்காது. ஜெர்மனியைச் சேர்ந்த அறுவை மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னர், வயிற்றறைச் சீழுக்கு அறுவை செய்யும் வழக்கம் வந்தபின் இறப்பு எந்த அளவுக்குக் குறைந்தது என்று 1926-இல் எழுதினார். அப்போது பென்சிலின் கண்டுபிடிக்கப்படவே இல்லை. ஒரு சீழ்க்கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ரத்த ஓட்டம் இல்லை, ஆக்சிஜன் இல்லை, அமிலத்தன்மை அதிகம், சுற்றிலும் ஃபைப்ரின் சுவர். ஜென்டாமைசின், அமிக்காசின் போன்றவை பாக்டீரியாவுக்குள் நுழையவே ஆக்சிஜன் தேவை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் அறிக்கையில் 'உணர்திறன் உண்டு' என்று அச்சாகியிருக்கும் மருந்து சீழுக்குள் போய்ச் செயலிழந்து நிற்பது இதனால்தான்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு நோயாளி. அறுவை முடிந்து ஐந்தாம் நாள் காய்ச்சல் திரும்பியது. மருந்தை உயர்த்தினோம். ஏழாம் நாளும் காய்ச்சல். இன்னொன்றைச் சேர்த்தோம். ஒன்பதாம் நாள் பூஞ்சை மருந்தும் சேர்ந்து, படுக்கையின் ஸ்டாண்டில் நான்கு பாட்டில்கள் தொங்கின. பத்தாம் நாள் காலை, வார்டு சுற்றில் இருந்த செவிலியர் ஒருவர், "இரண்டு நாளாக அடிக்கடி மலம் கழிக்கப் போகிறார், கொஞ்சம் சளிதான் வருகிறது" என்றார். கூபகக் குழியில், அதாவது இடுப்பெலும்புக்குள் உள்ள அடிவயிற்றுப் பள்ளத்தில், சீழ் தேங்கி மலக்குடலை உறுத்துவதன் அடையாளம் அது; விரல் வைத்துப் பார்த்திருந்தாலே ஐந்தாம் நாளில் தெரிந்திருக்கும். ஸ்கேன் எடுத்தோம், ஊசி வழியாக வடிகுழாய் வைத்தோம், ஒரு சிறு கிண்ணம் அளவுக்குச் சீழ் வந்தது. அன்றிரவே காய்ச்சல் இல்லை. நான்கு மருந்துகளில் மூன்றை மறுநாள் நிறுத்தினோம்.

இனி மருந்துக்கு வருவோம். நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் மூன்றே. ஓட்டை குடலின் எந்த மாடியில்? நோயாளி எங்கிருந்து வந்தார்? நம் தேர்வு தவறிப்போனால் அதைத் தாங்கும் தெம்பு அவருக்கு இருக்கிறதா?

மாடிக் கணக்கு எளிது. இரைப்பையில் அமிலம் இருப்பதால் ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரம் பாக்டீரியாக்கள்கூடத் தேறாது. அமிலத்தை அடக்கும் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களிடம் மட்டும் இந்தக் கணக்கு மாறும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அது கோடியை எட்டுகிறது. பெருங்குடலில் ஒரு கிராமுக்கு 10,000 கோடி. அங்கே ஆக்சிஜன் வேண்டாத அனரோபுகள் மற்றவற்றைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு அதிகம். பித்தப்பை ஒரு தனிக் கதை. சாதாரணமாகப் பித்தத்தில் கிருமி இல்லை. தொற்று வந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் இருந்தாலும் வாழும் குடல் கிருமிகளான ஈ. கோலையும் க்ளெப்சியெல்லாவும்தான். அதனால் பித்தப்பை அழற்சிக்கு அனரோபு மருந்து பொதுவாகத் தேவையில்லை. முன்பே பித்தக்குழாயைக் குடலோடு இணைத்துத் தைத்தவர்கள் விதிவிலக்கு.

பெருங்குடலிலும் குடல்வாலிலும் ஏன் இரண்டு வகைக் கிருமியையும் அடிக்க வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் சான்று 1975-இல் வெளியான ஓர் எலிப் பரிசோதனை. பார்ட்லெட், கோர்பாக் ஆகியோர் இருந்த அமெரிக்கக் குழு அதைச் செய்தது. எலியின் பெருங்குடல் கழிவை ஜெலட்டின் கேப்சூலில் அடைத்து இன்னோர் எலியின் வயிற்றறைக்குள் வைத்தார்கள். கேப்சூல் கரைந்ததும் அச்சு அசலாகக் குடல் வெடித்த நிலை. சிகிச்சை தராத எலிகளில் 37 சதவீதம் முதல் சில நாட்களில் செத்தன. பிழைத்த அத்தனைக்கும் சீழ்க்கட்டி வந்தது. ஜென்டாமைசின் மட்டும் கொடுத்த கூட்டத்தில் இறப்பு 4 சதவீதம், ஆனால் பிழைத்தவற்றில் 98 சதவீதத்துக்குச் சீழ்க்கட்டி. க்ளிண்டாமைசின் மட்டும் கொடுத்த கூட்டத்தில் தலைகீழ்: இறப்பு 35 சதவீதம், சீழ்க்கட்டி வெறும் 5. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது இறப்பு 7, சீழ்க்கட்டி 6.

முதல் இரண்டு நாள் ரத்தத்தில் பாய்ந்து ஆளைக் கொல்வது ஈ. கோலை வகை, பின்னால் நிதானமாகச் சீழ் கட்டுவது பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸ் வகை அனரோபு. ஜென்டாமைசின் முதல் வகையை அடிக்கும், க்ளிண்டாமைசின் இரண்டாம் வகையை. இதை அந்த எலிகள் பிரித்துக் காட்டிவிட்டன. இன்று நாம் எழுதும் ஒவ்வொரு மருந்துச்சீட்டும் இந்த இரண்டு பேரையும் மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. மருந்துகளின் பெயர்கள்தான் மாறிவிட்டன. க்ளிண்டாமைசினை இப்போது வயிற்றுக்கு எடுப்பதில்லை, ஏனென்றால் பாக்டீராய்ட்ஸ் அதை எதிர்க்கப் பழகிவிட்டது. ஆம்பிசிலின்-சல்பாக்டமும் ஈ. கோலையிடம் தோற்றுப்போனது. சிப்ரோஃப்ளாக்சசின் பல இடங்களில் அதே கதியில் இருக்கிறது. உங்கள் மருத்துவமனையின் நுண்ணுயிரியல் துறை ஆண்டுதோறும் தயாரிக்கும் எதிர்ப்பு அட்டவணையை வாங்கிப் பாருங்கள். ஒரு மருந்தை உள்ளூர் ஈ. கோலையில் பத்திலிருந்து இருபது சதவீதத்துக்கு மேல் எதிர்க்கிறது என்றால், கல்ச்சர் வருவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட வேண்டும். வேறு நாட்டு வழிகாட்டி நூல் என்ன சொன்னாலும் இந்த அட்டவணைக்குப் பிறகுதான்.

வீட்டிலிருந்து வந்தவர், ரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறது, சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்றால், செஃப்ட்ரியாக்ஸோன் நாளுக்கு 2 கிராம், மெட்ரோனிடசோல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 500 மி.கி. பெரும்பாலான வெடித்த குடல்வால்களுக்கு இது போதும். செஃப்ட்ரியாக்ஸோன் எதிர்ப்பு அதிகமாக இருக்கும் இடத்தில் எர்டாபெனம் நாளுக்கு 1 கிராம் தனியாகவே இரண்டு வேலையையும் செய்யும். மருத்துவமனைத் தொற்றுகளில் அதிகம் வரும் சூடோமோனாஸ், என்டரோகாக்கஸ் என்ற கிருமிகளை அது தொடாது. வீட்டிலிருந்து வந்தவருக்கு அந்தக் குறை பெரும்பாலும் ஒரு குறையே அல்ல.

உங்கள் நோயாளிக்கு எழுதியிருக்கும் ஜோடியில்தான் எனக்கு எரிச்சல். பிப்பராசிலின்-டாசோபாக்டம் தனியாகவே அனரோபுகளை அடிக்கும். மெரோபெனமும் அப்படியே. அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டும் அப்படியே. இவற்றோடு மெட்ரோனிடசோலைச் சேர்ப்பது, ஏற்கெனவே பூட்டிய கதவுக்கு இன்னொரு பூட்டு. பூட்டினால் நஷ்டம் என்ன என்று கேட்பார்கள். நஷ்டம் நோயாளியின் வாயில் தெரியும். நாக்கில் உலோகச் சுவை, குமட்டல், சாப்பாட்டைக் கண்டால் முகம் திருப்புதல். மூன்றாம் நாள் "இன்னும் சாப்பிட மறுக்கிறார், குடல் ஓடவில்லை போலிருக்கிறது" என்று நாம் கவலைப்படும் சிலரிடம் மெட்ரோனிடசோலை நிறுத்திய மறுநாள் பசி வந்துவிடுகிறது. வாரக்கணக்கில் நீண்டால் கைகால் நரம்பு மரத்துப்போகும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க நியாயம் உண்டா? உண்டு, அமீபா சீழ்க்கட்டி என்ற சந்தேகம் இருந்தால். அங்கே மெட்ரோனிடசோல் பாக்டீரியாவுக்காக அல்ல, அமீபாவுக்காகப் போகிறது.

இரண்டாவது கேள்வி, எங்கிருந்து வந்தார் என்பது. இதைக் கேட்க யாரும் மறப்பதில்லை, முழுமையாகக் கேட்கத்தான் மறக்கிறார்கள். கடந்த மூன்று மாதத்தில் மருத்துவமனையில் படுத்தாரா? ஆண்டிபயாடிக் சாப்பிட்டாரா, எது? டயாலிசிஸ் உண்டா? முந்தைய கல்ச்சரில் எதிர்ப்புக் கிருமி வந்திருக்கிறதா? இப்போது வெடித்திருப்பது அவருடைய சொந்தக் குடலா, போன வாரம் நாம் போட்ட தையலா? நாம் போட்ட தையல் கசிந்தால், அந்தக் கசிவில் இருப்பவை வீட்டுக் கிருமிகள் அல்ல. ஒரு வாரமாக நம் மருந்துகளுக்குத் தப்பிப் பிழைத்தவை அவை. அங்கே பிப்பராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது மெரோபெனம் 1 கிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தொடங்குவதில் தவறில்லை. என்டரோகாக்கஸும் கணக்கில் வரும், ஏனென்றால் செஃப்ட்ரியாக்ஸோன் போல நாம் வழக்கமாக எழுதும் செஃபலோஸ்போரின் வகை எதுவும் அதைத் தொடுவதில்லை. ஒரு வாரம் செஃப்ட்ரியாக்ஸோன் கொடுத்தால் என்டரோகாக்கஸுக்கு நாமே இடம் காலி செய்து கொடுத்தாற்போல. வீட்டிலிருந்து வந்த சாதாரணக் குடல்வாலில் அந்தக் கிருமி வளர்ந்தாலும் தனியாகத் துரத்த வேண்டியதில்லை. செயற்கை இதய வால்வு உள்ளவரிடம் அப்படி விட முடியாது.

மெரோபெனமா, பிப்பராசிலினா என்ற சண்டையில் 2018-இல் வந்த மெரினோ ஆய்வைத் தூக்கிக் காட்டுவார்கள். செஃப்ட்ரியாக்ஸோனை எதிர்க்கும் ஈ. கோலை அல்லது க்ளெப்சியெல்லா ரத்தத்தில் இருந்தவர்களில், 30 நாள் இறப்பு பிப்பராசிலின்-டாசோபாக்டம் குழுவில் 12.3 சதவீதம், மெரோபெனம் குழுவில் 3.7. இது ரத்தத்தில் கிருமி வளர்ந்தவர்களின் கணக்கு. தொற்றின் ஊற்றுக்கண் அகற்றப்பட்டு, காய்ச்சல் இறங்கி, மூன்றாம் நாள் நடந்துகொண்டிருக்கும் உங்கள் நோயாளியின் கணக்கு அல்ல. இ.எஸ்.பி.எல். கிருமி, அதாவது செஃப்ட்ரியாக்ஸோன் போன்றவற்றை உடைக்கும் என்சைம் உள்ள கிருமி, ரத்தத்தில் வளர்ந்தால் நான் தயங்காமல் மெரோபெனம் எழுதுவேன். வெள்ளணு 12,000 என்பதற்காக எழுத மாட்டேன்.

அதற்கும் மேலே, மெரோபெனத்தையே எதிர்க்கும் கிருமிகள் இருக்கின்றன. அங்கே செஃப்டாசிடிம்-அவிபாக்டம் போன்றவை வருகின்றன. அதற்கு அனரோபு பலம் கிடையாது, எனவே அங்கே மெட்ரோனிடசோல் கட்டாயம். மெரோபெனத்தையும் உடைக்கும் என்.டி.எம். என்சைம் உள்ள கிருமியாக இருந்தால் அஸ்ட்ரியோனாமும் சேர வேண்டும். இந்தக் கட்டத்தில் தொற்றுநோய் நிபுணரைக் கூப்பிடாமல் தனியாக முடிவெடுக்காதீர்கள். டைஜிசைக்ளின் பலருக்குப் பிடித்த மருந்து, காகிதத்தில் எல்லாக் கிருமியையும் அடிப்பதால். ரத்தத்தில் அதன் அளவு மிகக் குறைவு. இறப்பு கூடுவதாகத் தெரிந்து 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் மேல் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையை வைத்தது. வேறு வழியில்லாதபோது மட்டும்.

மூன்றாவது கேள்வி, தெம்பு. ரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீர் குறைந்து, குழம்பிப் பேசும் நோயாளியிடம் மருந்து தவறினால் திருத்த இரண்டாம் வாய்ப்பு கிடைக்காது. அவருக்கு முதல் மணி நேரத்துக்குள் பல வகைக் கிருமிகளை அடிக்கும் அகலமான மருந்து போக வேண்டும். கல்ச்சர் வந்தபின் சுருக்கலாம். இங்கே இளையவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: சிறுநீரகம் சுணங்கினால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் கூடியிருக்கிறது என்று முதல் டோஸையே பாதியாக்குவது. தொற்று உடல் முழுவதையும் தாக்கும் செப்சிஸில் உடலுக்குள் நீர் பெருகிக் கிடக்கிறது, அதில் மருந்து கரைந்து நீர்த்துப்போகிறது. முதல் டோஸ் முழுதாகவே போகட்டும். சிறுநீரகத்துக்காக அளவைக் குறைப்பதை அடுத்த டோஸ்களில் பார்த்துக்கொள்ளலாம்.

அதேபோல, அவசரப் பிரிவில் மாலை ஆறு மணிக்கு பிப்பராசிலின் போட்டாயிற்று, தியேட்டர் கிடைத்தது இரவு பதினொன்றுக்கு என்றால், கத்தி வைப்பதற்கு முன் இன்னொரு டோஸ் தேவை. அந்த மருந்து உடம்பை விட்டு வேகமாக வெளியேறுவது. செஃப்ட்ரியாக்ஸோனுக்கு இந்தத் தொல்லை இல்லை. மயக்க மருத்துவரிடம், "கடைசி டோஸ் எத்தனை மணிக்கு?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

பூஞ்சையைப் பற்றிச் சுருக்கமாக: மேல்குடல் ஓட்டை, திரும்பத் திரும்பக் கசியும் தையல், அழுகிய கணையம், இவற்றோடு ஐ.சி.யு.வில் மோசமாக இருப்பவர் என்றால் கேண்டிடாவை நினையுங்கள். குடல்வாலுக்கு வேண்டாம்.

கல்ச்சருக்கு அனுப்பும்போது பஞ்சுக் குச்சியைத் தோய்த்து அனுப்பாதீர்கள். அது வறண்டு, காற்றுப் பட்டு, அனரோபுகள் செத்து, ஆய்வகத்தில் ஈ. கோலை மட்டும் முளைக்கும். சிரிஞ்சில் சில மில்லி சீழை எடுத்து, காற்றை வெளியேற்றி, ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் செலுத்தி அனுப்புங்கள். அறிக்கையில் அனரோபு வரவில்லை என்பதற்காக அனரோபு மருந்தை நிறுத்தவும் கூடாது. தட்டில் முளைக்கவில்லையே தவிர, வயிற்றில் இருந்தது. வயிற்றைத் திறந்தவுடன் தியேட்டரை நிறைத்த அந்த நாற்றம் எந்த ஆய்வக அறிக்கையையும்விட நம்பகமான சாட்சி. இன்னொன்று: நோயாளி நன்றாகத் தேறி வருகிறார், நாலாம் நாள் வந்த அறிக்கையில் நீங்கள் கொடுக்கும் மருந்துக்குப் பிடிபடாத ஏதோ ஒரு கிருமி இருக்கிறது என்றால், காகிதத்துக்கு மருந்து எழுதாதீர்கள். கத்தி அந்தக் கிருமியைக் கவனித்துக்கொண்டது.

பென்சிலின் அலர்ஜி என்று சொல்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குச் சோதித்துப் பார்த்தால் அலர்ஜி இருக்காது. என்ன நடந்தது என்று விசாரியுங்கள். குழந்தைப் பருவத்தில் வயிற்றுப்போக்கு வந்தது என்றால் அது அலர்ஜி அல்ல. மூச்சுத் திணறி, முகம் வீங்கியிருந்தால் அது வேறு. அப்போதும் மெரோபெனத்துக்கு ஒவ்வாமை வருவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

இனி நாள் கணக்கு. இதில்தான் நம் பழக்கமும் ஆதாரமும் வெகுதூரம் விலகி நிற்கின்றன. பத்து நாள், பதினான்கு நாள் என்று எழுதிப் பழகிய கை நமக்கு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2015-இல் வெளியான ஸ்டாப்-இட் என்ற ஆய்வில், ஊற்றுக்கண் சரியாக அகற்றப்பட்ட 518 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஏறத்தாழ நான்கு நாள். மற்றொரு குழுவுக்குக் காய்ச்சல், வெள்ளணு, குடல் ஓட்டம் எல்லாம் சரியாகி அதற்கு மேல் இரண்டு நாள். நடைமுறையில் அது எட்டு நாளாக நீண்டது. காயத்தில் தொற்று, வயிற்றில் மறுபடி தொற்று, இறப்பு மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். நான்கு நாள் குழுவில் 21.8 சதவீதம், நீண்ட குழுவில் 22.3. கூடுதல் நான்கு நாளுக்கு நோயாளிக்குக் கிடைத்தது எதுவும் இல்லை.

ஐ.சி.யு.வில் கிடக்கும், அறுவைக்குப் பின் வயிற்றறை அழற்சி வந்த நோயாளிகளிலேயே எட்டு நாளும் பதினைந்து நாளும் இறப்பில் வித்தியாசம் காட்டவில்லை. பிரான்சில் நடந்த ஆய்வு அது, 2018. நெதர்லாந்தில் 2023-இல் இன்னும் துணிந்தார்கள்: சிக்கலான குடல்வாலுக்கு இரண்டு நாளா, ஐந்து நாளா? தொற்றுச் சிக்கல்களும் இறப்பும் சேர்ந்து முறையே 10 சதவீதம், 8 சதவீதம். புள்ளியியல்படி இரண்டு நாள் தாழ்ந்ததல்ல என்று தேறியது, ஆனால் இரண்டு நாள் குழுவில் மருத்துவமனைக்குத் திரும்பி வந்தவர்கள் அதிகம். அதனால் நான் இன்னும் நான்கு நாளிலேயே நிற்கிறேன். வெடிக்காத குடல்வாலுக்கு, எடுத்தபின் 24 மணி நேரத்துக்கு மேல் மருந்து வேண்டாம். குத்துக்காயத்தில் குடல் கிழிந்து 12 மணி நேரத்துக்குள் தைத்துவிட்டாலும் அதே 24 மணி நேரம்தான். கல்லீரல் சீழ்க்கட்டி, முழுதாக வடிக்க முடியாத சீழ், இவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஆகவே உங்கள் நோயாளிக்கு: மெட்ரோனிடசோலை இன்று சுற்றிலேயே நிறுத்துங்கள். கல்ச்சர் வந்து, ஈ. கோலை செஃப்ட்ரியாக்ஸோனுக்குப் பிடிபடுகிறது என்றால் பிப்பராசிலினை நிறுத்திவிட்டு செஃப்ட்ரியாக்ஸோனுக்கு இறங்கலாம். வேடிக்கை என்னவென்றால், அப்போது மெட்ரோனிடசோல் திரும்ப உள்ளே வர வேண்டும். ஒரே ஒரு நாளுக்காக இந்த மாற்றம் வேண்டாம் என்று விட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். மருந்துச்சீட்டில் நிறுத்தும் தேதியை இப்போதே எழுதிவிடுங்கள், நாளை இரவுக் கடைசி டோஸ் என்று. எழுதாவிட்டால் உங்கள் விடுப்பு நாளில் வரும் மருத்துவர் அதைத் தொடர்வார், அவரைத் தப்புச் சொல்ல முடியாது. வீட்டுக்குப் போகும்போது மாத்திரை எதுவும் தேவையில்லை. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ காய்ச்சல் வந்தால் மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன் மலக்குடலில் விரல் வைத்துப் பாருங்கள், பிறகு ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.